காட்டில் ஓர் இரவு

 

காட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கி வருவது பற்றி இன்று பேசப் போகிறேன். "காடு நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே போய் எதற்குத் தங்க வேண்டும்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காடு. இதைப் பார்க்க மெயின்லேண்டில் இருந்து மக்கள் வருகிறார்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். நாமோ இங்கேயே இருக்கிறோம். ஜெட்டியில் மூட்டை தூக்குகிறோம். கட்டட வேலை செய்கிறோம். கடை வைத்திருக்கிறோம். காட்டை தினமும் பார்க்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளோடு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்?

காடு பொதுச் சொத்து. அதைப் பார்க்கும் உரிமை பணக்காரருக்கும் உண்டு, கூலிக்காரருக்கும் உண்டு. உரிமை இருக்கும் இடத்தில் கடமையும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

எங்கே போகலாம்?

போர்ட் பிளேர் நகரத்துக்கு 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். அந்த நகரத்தில் நின்று கடலுக்கு அக்கரையில் பாருங்கள். பச்சையாக ஒரு மலை தெரியும். அதுதான் மவுண்ட் ஹாரியட். அங்குள்ள தேசியப் பூங்காவுக்கு 2021-இல் மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்கா என்று பெயர் மாறியது. 1891-இல் மணிப்பூர் மக்கள் வெள்ளைக்காரரை எதிர்த்துப் போரிட்டார்கள். அந்தப் போரில் பிடிபட்ட மன்னர் குலச்சந்திராவையும் அவருடைய ஆட்களையும் அந்தமானுக்கு நாடு கடத்தினார்கள். அவர்கள் நினைவாக வைத்த பெயர் இது.

மலையின் உயரம் சுமார் 1,200 அடி. சாத்தம் ஜெட்டியில் படகு ஏறினால் பம்பூ பிளாட் போய்ச் சேரலாம். அங்கிருந்து மலைக்குச் சாலை இருக்கிறது. உங்களிடம் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்களும் கடலும் தெரிகின்றன அல்லவா? அந்த மலைப் பக்கத்தில் இருந்து நார்த் பே கடற்கரையைப் பார்க்கும் காட்சி அது.

இந்த மலைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1872 பிப்ரவரி 8 அன்று, இந்தியாவை ஆண்ட வைஸ்ராய் மேயோ பிரபு சூரியன் மறைவதைப் பார்க்க இந்த மலையில் ஏறினார். இறங்கி வந்து அடிவாரத்தில் படகு ஏறப் போனபோது, ஷேர் அலி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார்.

மலை உச்சியில் வனத்துறையின் தங்கும் விடுதி இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்கியவர்கள் அதில் தங்கலாம். காட்டுக்குள் நடக்கப் பாதையும் உண்டு. காலாபத்தர் என்ற இடம் வரை நடந்து திரும்பலாம். மதுபன் வரை போகும் பாதை நீளமானது. அதற்குக் காலையிலேயே கிளம்ப வேண்டும்.

தெற்கே சிடியா தாப்பு இருக்கிறது. நகரத்தில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். 'சிடியா' என்றால் இந்தியில் பறவை. பெயருக்கு ஏற்றபடி அங்கே பறவைகள் அதிகம். முண்டா பஹாடு என்ற குன்றுக்குக் காட்டு வழியாக நடந்து போகலாம்.

இந்த இரண்டு இடங்களும் நகரத்துக்குப் பக்கம். ஒரு நாள் விடுமுறையில் போய்வரலாம்.

எங்கே தங்கக் கூடாது?

வண்டூர் அருகே மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா உள்ளது. ஜாலி பாய் தீவு அதில்தான் இருக்கிறது. அங்கே பகலில் போகலாம். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். பிளாஸ்டிக் பொருள் எதையும் அந்தத் தீவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அடுத்தது ஜாரவா மக்களின் காடு. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அவர்கள் நிலம் தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பகுதியைக் காக்கிறது. வண்டிகள் வரிசையாக, காவலோடுதான் போகும். வழியில் இறங்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. அவர்களுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. கூடாரம் போடுவது பற்றிப் பேச்சே இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? நமக்குச் சாதாரணமாக வரும் சளியும் தட்டம்மையும் அவர்களுக்குப் பெரிய ஆபத்து. அந்த நோய்களைத் தாங்கும் சக்தி அவர்கள் உடம்புக்குப் பழக்கமில்லை. 1999-இல் ஜாரவா மக்களிடையே தட்டம்மை பரவியது. அந்தக் காடு அவர்களுக்கு வீடு. கேட்காமல் ஒருவர் வீட்டுக்குள் நாம் நுழைவோமா?

அனுமதி எதற்கு?

"நம் ஊர்க் காட்டுக்குப் போக நமக்கே அனுமதியா?" என்று கோபம் வரலாம். நார்வே நாட்டில் 1957-இல் ஒரு சட்டம் செய்தார்கள். வீடுகளில் இருந்து 150 மீட்டர் தள்கிப் போனால், திறந்த காட்டில் எவரும் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். அந்த நாடு குளிர் நாடு. நம் காடு வேறு. நம் ஓடைகளில் முதலை இருக்கிறது. நம் காடுகளில் ஜாரவா மக்கள் போன்றோர் வாழ்கிறார்கள். அதனால் நம் நாட்டில் சட்டம் வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதிச் சீட்டு இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் போகக் கூடாது.

அனுமதியால் நமக்கு என்ன நன்மை? தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்தில் குரங்கணி என்ற ஊர் இருக்கிறது. 2018 மார்ச் மாதம் அந்த மலைக்கு நடைப்பயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். முறையான அனுமதி இல்லாத பாதையில் அவர்கள் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் செய்தது. 2024-இல் நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிகளோடு மக்களை அனுப்பத் தொடங்கியது.

அனுமதி வாங்கினால் நாம் எங்கே இருக்கிறோம் என்று ஓர் ஆளுக்காவது தெரியும். தீயோ புயலோ வந்தால் தேடி வருவார்கள். தெரியாமல் போனால் யார் தேடுவார்கள்?

எப்போது போகலாம்?

நம் தீவுகளில் மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை மழைதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அதுதான் நல்ல காலம். மழைக்காலத்தில் காடு முழுவதும் அட்டை இருக்கும். பாதையும் வழுக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே சீக்கிரம் இருட்டிவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாலை ஐந்தரை மணிக்கே இருள் வந்துவிடும். மெயின்லேண்டில் இருந்து வந்த உறவினர்களுக்கு இது தெரியாது. ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று நம்பி வழி தவறுவார்கள். மூன்றரை மணிக்கெல்லாம் தங்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

நம் காட்டில் புலி இல்லை, சிறுத்தை இல்லை. அதனால் ஆபத்தே இல்லை என்று நினைக்கக் கூடாது.

முதலில் முதலை. உப்புநீர் முதலை ஓடையிலும் இருக்கும், சதுப்புநிலக் காட்டிலும் இருக்கும். கடலிலும் நீந்தும். 2010-இல் ஹாவ்லாக் தீவின் கடலில் நீந்திய அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. ஹாவ்லாக்குக்கு 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறியது. ஆகவே ஓடை கடலில் சேரும் இடத்தில் கூடாரம் போடாதீர்கள். அங்கே பாத்திரம் கழுவ உட்காராதீர்கள். மீன் கழிவை அங்கே கொட்டாதீர்கள். முதலைப் படம் போட்ட பலகை இருந்தால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். படிக்காத தோழருக்கும் சொல்லுங்கள்.

அடுத்தது பூரான். நம் காட்டுப் பூரான் பெரியது. கடித்தால் வலி தாங்க முடியாது. பாம்பும் உண்டு. செருப்பையும் துணியையும் உதறிவிட்டுப் போடுங்கள். இருட்டில் டார்ச் லைட் இல்லாமல் நடக்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்க வேண்டாம். கீற வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கடலோரத்தில் தங்கினால் தண்ணீர் ஏறும் அளவைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் அதிகம் ஏறும். பூமி பலமாக அதிர்ந்தால் மூட்டை முடிச்சைப் பார்க்காதீர்கள். உடனே மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது.

ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். நம் தீவுகளில் அந்த நோய் உண்டு. வீட்டிலிருந்தே கொதிக்க வைத்த தண்ணீர் கொண்டு போங்கள். கொசுவலையும் வேண்டும்.

காடு நமக்கு என்ன தருகிறது?

கோடைக் காலத்தில் குடத்தோடு குழாயடியில் நிற்கிறோமே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நகரத்துக்கு முக்கியமாகத் தனிக்காரி அணையில் இருந்து வருகிறது. அந்த அணைக்கு? காட்டில் பெய்யும் மழையில் இருந்து வருகிறது. மரங்களும் சருகும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன. காடு போனால் மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஒரே நாளில் கடலுக்குப் போய்விடும். பவளப்பாறைகளின் மேல் சேறு படியும். அங்கே வளரும் மீனும் குறையும். அப்படியானால் காடு நம் குடத்திலும் இருக்கிறது, நம் சட்டியிலும் இருக்கிறது.

ஆகவே காட்டில் தீ மூட்ட வேண்டாம். புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் போதும். மரத்தில் பெயர் செதுக்க வேண்டாம். சங்கு, சிப்பி, பவளம் எடுத்து வர வேண்டாம். பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். காலிப்பூர், கத்பர்ட் பே கடற்கரைகளில் ஆமைகள் முட்டையிட வரும். அங்கே இரவில் விளக்கு அடித்தால், வெளியே வரும் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போய் இறந்துவிடும். கொண்டு போன பையில் குப்பையையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

விண்ணப்பம் எழுதுவோம்

ஹாடோவில் வனசதன் என்ற வனத்துறைத் தலைமை அலுவலகம் இருக்கிறது. அங்கே விசாரிக்கலாம். அலுவலகத் தாள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். கேட்கும் விவரங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் தமிழில் எழுதிப் பழகுங்கள்.

பெறுநர்: வனத்துறை அதிகாரி அவர்கள்.
ஐயா, என் பெயர் ........ . நான் ........ ஊரில் வசிக்கிறேன். என் குடும்பத்தார் ........ பேர். ........ தேதி மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்காவின் விடுதியில் ஓர் இரவு தங்க அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்போம்.
இப்படிக்கு, ........ .

கட்டணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். ரசீதில் தேதியையும் தொகையையும் நீங்களே படித்துப் பாருங்கள். "இடம் இல்லை" என்றால் அடுத்த தேதி எது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இந்த வாரம் ஒவ்வொருவரும் விண்ணப்பத்தை உங்கள் நோட்டில் ஒரு முறை எழுதுங்கள். அடுத்த வகுப்பில் கொண்டு வாருங்கள். எழுதிய பிறகு, போக விரும்புகிறவர்கள் ஒன்று சேர்ந்து தேதி குறிப்போம்.