கூரை வெப்பமும் அதைத் தடுக்கும் பொருள்களும்
(தோட்ட மண்டபமொன்றில் ஆற்றிய உரை)



முன்னாளில் பனிக்கட்டி விற்போர், கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கினால் மூடி வைப்பதை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். போர்த்திக்கொண்டால் நமக்கு வெதுவெதுப்பாகிறதே, பனிக்கட்டி மட்டும் எப்படிக் குளிர்ந்தே இருக்கிறது என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. வெப்பம் ஒருபுறமிருந்து மறுபுறம் செல்வதைத் தாமதப்படுத்துகிறது. நம் வீட்டுக் கூரைக்கும் அத்தகைய போர்வை தேவை என்பதையே இன்று பேச வந்துள்ளோம்.

அத்தாப்புக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள், அந்தக் குளிர்ச்சி பிறகு வாய்க்கவில்லை என்று கூறுவார்கள். அது உண்மையே. அடுக்கடுக்கான நிப்பா ஓலைகளுக்கிடையே காற்று தங்கி நின்றது. அதுவே வெப்பத்தைத் தடுத்தது. ஆயினும் தீ, எலி, ஒழுக்கு ஆகியவற்றை நினைத்தால் அந்தக் கூரைக்குத் திரும்ப எவரும் விரும்பமாட்டார்கள். அதனிடத்தில் வந்த சிங்க் தகடு மழையை நன்கு காக்கிறது. ஆனால் அது துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்பு. உச்சிவெயிலில் துருவேறிய தகடு 60 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறக் கூடும். அச்சூடு கதிராகக் கீழே இறங்கி, உத்தரத்தில் கட்டிய தூளியில் உறங்கும் குழந்தையின்மேல் விழுகிறது. செம்பனை ஆலையில் இரவுமுறை முடித்துப் பகலில் படுப்பவரின் உறக்கத்தையும் அதுவே கெடுக்கிறது. உறக்கமில்லாதவர் மறுநாள் இயந்திரத்தருகே நிற்பது எத்தகைய ஆபத்து என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக் கம்பளி, நுரைப் பலகை முதலிய வெப்பந் தடுக்கும் பொருள்கள் பலவற்றிலும் உண்மையில் வேலை செய்வது அவற்றுள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றே. கண்ணாடிக் கம்பளியைவிட மரம் ஏறத்தாழ 3 அல்லது 4 மடங்கும், செங்கல் 15 மடங்குக்குக் குறையாமலும், இரும்பு 1,000 மடங்குக்கு மேலும் வெப்பத்தைக் கடத்துகின்றன. ஆகவே அக்கம்பளியை நசுக்கிச் செருகினால் பயன் குறையும். மழைநீரில் நனைந்தாலும் குறையும். அதன் இழைகள் தோலில் அரிப்பை உண்டாக்குமாதலால் கையுறையும் முகமூடியும் அணிந்தே அதைத் தொட வேண்டும். வெண்ணிற நுரைப் பலகை இலேசானது, மலிவானது. தீப்பற்றினால் கரும்புகை கக்கும். அடுப்படிக்கு மேலே அதைத் திறந்தபடி பொருத்துவது தகாது.

நம் கூரைகளுக்கு மிகவும் ஏற்றது பளபளக்கும் அலுமினியத் தாள். பளபளப்பான முகம், தன்மீது விழும் வெப்பக் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தான் சூடேறினாலும் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும். சுடுநீர்க் குடுவையின் உட்சுவருக்கு வெள்ளிப் பூச்சு இருப்பதும் இதே காரணத்தால்தான். சிலர் இத்தாளைச் சிங்க் தகட்டுக்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவே இடைவெளியின்றி ஒட்டிவிட்டு, பணம் வீணாயிற்று என்று வருந்துகின்றனர். தாளுக்குப் பக்கத்தில் ஓர் அங்குலமேனும் காற்று இடைவெளி இருக்க வேண்டும். இல்லையேல் அது இன்னொரு தகடாகவே ஆகிவிடும். பளபளப்பான முகம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாது. நெடுநாள் பயன் தரும்.

ஆனால் அலுமினியம் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009இல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக் காப்பு அமைக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அவ்வேலையில் இளைஞர் நால்வர் உயிரிழந்தனர். மூவரைக் கொன்றது மின்சாரம். 2010இல் திட்டமே நிறுத்தப்பட்டது. ஆகவே தாளைப் பொருத்த மேலே ஏறுமுன் மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். பழைய மின்கம்பி உள்ள வீடாயின் மின்பணியாளர் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இனிக் கல்நார் பற்றிக் கூற வேண்டும். அஸ்பெஸ்டாஸ் என்று நாம் அழைப்பது இதையே. எரியாது, மலிவு என்பதால் ஒரு காலத்தில் கூரைக்கும் உட்கூரைக்கும் இதன் தகடுகளைப் பெரிதும் பயன்படுத்தினர். அதன் நுண்ணிய இழைகளைச் சுவாசித்தவர்களுக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். சிங்கப்பூர் 1989இல், கட்டடப் பொருள்களுக்கான கல்நார் இறக்குமதியைத் தடை செய்தது. பழைய வீட்டில் அத்தகடு உடையாமல் இருந்தால் பதற்றம் வேண்டா, அப்படியே விட்டுவிடலாம். அதை அறுப்பதும், துளையிடுவதும், உடைந்த துண்டுகளை உலர்ந்தபடி பெருக்குவதுமே கேடு. தாளோ கம்பளியோ பொருத்துவதற்காக அதில் ஆணி அடிக்கவே கூடாது. அத்தகைய கூரைமேல் ஏறவும் வேண்டா. பழைய தகடு ஆள் பாரம் தாங்காமல் உடைந்துவிடும்.

கையில் பணம் குறைவு என்பவர்கள் சிங்க் தகட்டின் மேற்புறத்திற்கு வெண்சாயம் பூசலாம். முதலில் துருவைச் சுரண்டி, துத்தநாகத்துக்குரிய அடிப்பூச்சைப் பூச வேண்டும். இல்லாவிடில் சாயம் உரிந்துவிடும். கூரை விளிம்பிலும் முகட்டருகிலும் வலையிட்ட காற்றுத் துளைகள் இருந்தால், உட்கூரைக்கு மேலே தேங்கும் சூடான காற்று வெளியேறும். அடுத்ததாக, இயன்றபோது அலுமினியத் தாளை வாங்கலாம். கம்பளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீடு நிர்வாகத்துக்கு உரியதாயின், எதையும் கழற்றுமுன் எழுத்து மூலம் தெரிவியுங்கள். உட்கூரைத் தகடு கல்நாரா, சாதாரணச் சிமெண்டுப் பலகையா என்று அக்கடிதத்திலேயே கேளுங்கள். கண்ணால் பார்த்து அதைக் கண்டறிய இயலாது.