கலங்கிய நீர்ப்பை

(தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரை)



சிறுநீரகம் செயலிழந்தோருள் சிலர் இயந்திரத்தை நாடாமல் வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கின்றனர். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொபோவிச், மான்கிரீஃப் ஆகியோர் வகுத்துரைத்த முறை அது. ஏறத்தாழ 2 லிட்டர் மருந்து நீரைக் குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்திச் சில மணி நேரம் இருத்தி வெளியேற்ற வேண்டும். பெரும்பாலும் நாளொன்றுக்கு 4 முறை. வெளிவரும் நீர் இளமஞ்சளாய்த் தெளிந்திருக்கும். நீர்ப்பையைச் செய்தித்தாளின் மேல் வைத்தால் எழுத்துகள் தெரியும்.

எழுத்து மறையுமாறு, அரிசி கழுவிய நீர்போல் கலங்கினால் கிருமி புகுந்துவிட்டது என்றே முதலில் கொள்ள வேண்டும். வலியோ காய்ச்சலோ இல்லாவிடினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே நீரிலுள்ள வெள்ளணுக்களை எண்ணுவர். ஒரு கன மில்லிமீட்டரில் 100க்கு மேலிருந்து, அவற்றுள் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகையாயின், தொற்று எனக் கருதுவர். கிருமி இன்னதெனத் தெரியுமுன்பே மருந்து தொடங்கப்படும். தாமதம் உயிருக்கே ஊறு.

ஆயினும், கிருமியின்றியும் நீர் கலங்குவதுண்டு. குழாய் பொருத்திய புதிதில், ஒவ்வாமையால் இயோசினோஃபில் என்னும் அணுக்கள் பெருகலாம். மாதவிலக்கின்போது குருதி கலக்கலாம். அரிதாகப் புற்றணுக்களும் காணப்படும்.

வியப்புக்குரியது, பால்போல் வெளுத்த நீர். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் லெர்கனிடிபின், மானிடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்குக் கொழுப்பு கலந்த நிணநீர் வயிற்று நீரில் சேர்வதை ஜப்பானிலும் தைவானிலும் மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். அந்நீரில் வெள்ளணுக்கள் மிகுவதில்லை. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பே மிகும். மருத்துவர் மாத்திரையை மாற்றியதும் நீர் தெளிந்துவிடுகிறது. மாத்திரையின் பெயரை நாம் சொல்லாவிட்டாலோ, தேவையற்ற கிருமிக்கொல்லியை ஏற்க நேரிடும். அதற்காக, மாத்திரையை நாமாகவே நிறுத்துதல் பெரும் பிழை! நிணநீர்க் குழாய் அடைபட்டாலும் இவ்வாறு வெளுக்கும். அதை நம்மால் பிரித்தறிய இயலாது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. வழக்கமான சோதனையில் கிருமி வளராது. மருந்து ஏற்றியும் கலங்கல் நீங்காது. அப்போது மருத்துவர் காசநோயையும் பூஞ்சையையும் ஐயுறுவர். வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்திருந்தால், கூச்சமின்றிக் கூறிவிட வேண்டும்.

"நேற்றுக் குடித்த மோர்தான்" என்று தாமே முடிவு கட்டி, நீரைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு மருத்துவமனைக்குச் செல்வோரை நாங்கள் கண்டிருக்கிறோம். கொட்டிய நீரை எவர் சோதிப்பது? கலங்கிய பையை மூடியவாறே எடுத்துச் செல்லுங்கள். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், கைவைத்தியப் பொடியாயினும், உடன் கொண்டு செல்லுங்கள்.