மீன்கள் வழிமறித்த மகா கிரந்தம்

பௌதிக சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமிட்டதென்று அறிஞர் உலகம் போற்றும் நியூட்டனின் 'பிரின்சிபியா' 1687-ஆம் ஆண்டு லண்டனில் வெளிவர வேண்டியிருந்த சமயத்தில், அதை அச்சிடுவதற்கு ராயல் சங்கத்தின் பொக்கிஷத்திலே பணமில்லை. ஏனெனில், வில்லபி என்பார் விட்டுச் சென்ற மீன்களின் சரித்திரத்தை, ஏராளமான சித்திரங்களோடு அச்சங்கம் முந்தின வருஷந்தான் பிரசுரித்து, அது விலைபோகாமல் நஷ்டப்பட்டிருந்தது. வால்நட்சத்திரத்தின் பெயரால் நாம் அறிந்திருக்கும் எட்மண்ட் ஹாலியே தம் கைப்பொருளைச் செலவிட்டு நியூட்டனின் நூலை அச்சேற்றினார். அவருக்குச் சங்கம் தரவேண்டிய 50 பவுன் சம்பளத்துக்குப் பதிலாக, அந்த மீன் புத்தகத்தில் 50 பிரதிகளைக் கொடுத்தார்களாம். அந்த மனிதரின் பொறுமையை என்னென்பது!

இதனினும் ரசமான விஷயம் ஒன்றுண்டு. கிரகங்களின் சஞ்சாரத்தை விவரிக்கும் மூன்றாம் பாகத்தை, பலரும் படிக்கும் வண்ணம் எளிய நடையில் முதலில் எழுதிவைத்த நியூட்டன், அடிப்படைத் தத்துவங்களை நன்கு கிரகிக்காதவர்கள் வீண் விவாதத்துக்கு வருவார்களென்று கருதி, அதனை ஒதுக்கிவிட்டு, கணித முறையில் கடினமாகத் திரும்ப இயற்றினார். இதை அவரே அந்நூலில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒதுக்கப்பட்ட எளிய பிரதி, அவர் 1727-இல் காலமான பின்னர், 1728-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. விவாதத்தைத் தவிர்த்ததில் நியூட்டனுக்கு நிம்மதி கிடைத்திருக்கலாம். சாமானிய வாசகருக்கு அது நாற்பது வருஷ நஷ்டமே.