1892இன் இரண்டு ஆவணங்கள்



நாம் கூடியிருக்கும் திருச்சிக்கு மேற்கே, முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். ஆற்றில் யாருக்கு என்ன பங்கு என்று கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

1892இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் காவிரி நீர் குறித்து ஒப்பந்தம் ஏற்பட்டது. அதே ஆண்டில், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, நிலமற்ற நம் முன்னோருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணையும் வந்தது. முதல் ஆவணத்தின் வழியில் 1924இல் மறு ஒப்பந்தம், 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மேலாண்மை ஆணையம் எல்லாம் வந்தன. இரண்டாவது ஆவணத்துக்கு என்ன நடந்தது? 1994இல் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

இந்த இரண்டு ஆவணங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

2018 தீர்ப்பின்படி தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. பல நாடுகளில் ஓடும் நதிகளைப் பங்கிட உருவான 1966 ஹெல்சிங்கி விதிகளையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. ஆற்றை நம்பி வாழும் மக்கள்தொகை, அவர்களின் சமூக, பொருளாதாரத் தேவைகள் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கின்றன அந்த விதிகள். அந்தத் தலைக்கணக்கில் நாமும் இருக்கிறோம். ஆனால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் கணக்கு ஏக்கருக்கு மாறிவிடுகிறது. குறுவை பொய்த்தால் பயிர் நிவாரணம் சாகுபடிப் பரப்பை வைத்தே வருகிறது. நடவும் களையெடுப்பும் இல்லாமல் போன பெண்களின் வேலைநாட்களை எந்த அடங்கலும் எழுதுவதில்லை.

மின்சாரத்திலும் இதே கதைதான். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் கோலார் தங்க வயலுக்குப் போனது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். தங்கம் கம்பெனிக்கு, சிலிகோசிஸ் நமக்கு.

ஆறு நிரம்பினால் மட்டும் போதுமா? காவிரி பாயும் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிய அம்பேத்கர்தான், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினராக, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தில் வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் இணைத்துத் திட்டமிட்டார். குளத்துத் தண்ணீரையும் நதித் திட்டத்தையும் அவர் வேறு வேறாகப் பார்க்கவில்லை.

காவிரிப் பங்குக்கான போராட்டத்தில் நாம் தொடர்ந்து நிற்போம். ஆறு வறண்டால் முதலில் அணைவது சேரியின் அடுப்புதான். அதே மேடையில் நம் கோரிக்கைகளையும் வைப்போம்: இழந்த வேலைநாளும் பயிர் இழப்பாகக் கணக்கிடப்பட வேண்டும், பஞ்சமி நிலம் உரியவர்களிடம் திரும்ப வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊரின் நிலப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நம் பெயர் எங்கே இருந்தது, எப்போது காணாமல் போனது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இங்கே அதைப் பேசுவோம்.

ஜெய்பீம்.