மனசாட்சிக்கு வாய்தா கிடையாது

(ஓசூர் பட்டிமன்றம். தலைப்பு: வழக்கறிஞர் தொழிலை நேர்மையாக வைத்திருப்பது பெரிதும் சட்டமா? மனசாட்சியா? ‘மனசாட்சியே’ அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், “புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும்” என்றார். வந்தது உண்மைதான். ஏமாற்றுக்காரனை நாலு தலைமுறையாக நாம் ‘420’ என்று திட்டினோம். 2024 ஜூலை 1 முதல் புதிய நியாயச் சட்டத்தில் அது 318. ஐயா, எண் மாறிடுச்சு. ஆள் மாறினானா? (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொரு நண்பர், “வக்கீல் தவறு செய்தால் சட்டம் கேட்கும்” என்றார். எங்கே போய்க் கேட்கும்? 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சேவைக் குறைபாடு என்று வக்கீல் மேல் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. மிக்ஸி ஓடலேன்னா கேஸ் போடலாம். வக்கீல் ஓடலேன்னா போட முடியாது! (பலத்த சிரிப்பு) பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பெயரையே நீக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் பார் கவுன்சில் இருப்பது சென்னையில். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர். சென்னை 300-க்கும் மேலே. ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போகிற மனிதன், பஸ் ஏறிப் போய்ப் புகார் எழுதுவானா?

வேலைநிறுத்தம் செய்ய வக்கீல்களுக்கு உரிமை இல்லை என்று 2002-லேயே தீர்ப்பு வந்தாச்சு. அதற்குப் பிறகு புறக்கணிப்பே நடக்கவில்லையா? அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் இதே ஓசூர் நீதிமன்ற வாசலில், பட்டப்பகலில் ஒரு வழக்கறிஞரை வெட்டினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. தொழில் செய்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: சட்டம் ஒரு வேலி. வேலி வேணும். ஆனால் வேலி விளையுமா? விளைய வேண்டியது உள்ளே இருக்கிற பயிர். அந்தப் பயிருக்குப் பெயர் மனசாட்சி! (கைதட்டல்)

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தவர். தாய்மொழி தெலுங்கு. தமிழ் பேசுவார், படிக்க வராது. மிஷினில் வலது கை விரல் இரண்டு போய்விட்டது. நஷ்டஈட்டுக்காக ஒரு வக்கீலைப் பிடித்தார். பெயர் வேண்டாம். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார். போகும்போதெல்லாம், “வாய்தா ஆகியிருக்கு, ஐநூறு கொடு.” மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஒருநாள் என்னிடம் வந்து, “சார், வாய்தான்னா என்ன சார்?” என்றார். ஒரு வருஷமாய்ப் பணம் கட்டிய வார்த்தைக்கு அவருக்கு அர்த்தம் தெரியவில்லை! (அரங்கில் அமைதி)

என் மாணவர் ஒருவர் இங்கே வக்கீல். அவரிடம் கூட்டிப் போனேன். அவர் ஃபீஸ் பேசவில்லை. அந்த மனிதரை உட்கார வைத்து, தெலுங்கில் எல்லாவற்றையும் விளக்கினார். பிறகு என்னிடம், “ஐயா, என்கிட்ட இவர் வர வேண்டியதே இல்லீங்க. தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போனால், தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு” என்றார்.

தாய்மார்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாளிக்கு மட்டுமில்லை, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் அந்த உரிமை உண்டு. 1987-இல் இயற்றிய சட்டம். 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருந்தது. முதல் வக்கீலுக்கும் அது தெரியும், இரண்டாவது வக்கீலுக்கும் தெரியும். ஒருவர் மறைத்தார், ஒருவர் தனக்கு வரவேண்டிய ஃபீஸை விட்டுவிட்டு வாய் திறந்து சொன்னார். சட்டம் ஒன்றுதானே? வித்தியாசம் எங்கே இருந்தது? (நீண்ட கைதட்டல்)

அவருக்கு நஷ்டஈடு வந்தது. விரல் திரும்பவில்லை, சங்கிலி திரும்பியது.

இந்த ஓசூருக்குப் பக்கத்தில்தான் தொரப்பள்ளி. 1878-இல் ராஜாஜி பிறந்த ஊர். சேலத்தில் நன்றாகச் சம்பாதித்த வக்கீல். காந்தியடிகள் அழைத்தபோது அந்தத் தொழிலையே விட்டார். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அவரை விடச் சொன்னது? உள்ளே இருந்த ஒன்று சொன்னது. அவரைப்போல் தொழிலை விடச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு, அவர் மொழியில், அவர் வழக்கின் நிலைமையை உண்மையாகச் சொல்லுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற இந்த எல்லை மண்ணில், மக்கள் கேட்பது அவ்வளவுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, கறுப்பு அங்கியைச் சட்டம் கொடுக்கலாம். அதற்குள் இருக்கிற மனிதனை மனசாட்சிதான் காக்கும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். எங்களுக்கே சாதகமாகச் சொன்னாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, தயவுசெய்து வாய்தா மட்டும் போட்டுடாதீங்க!

(பலத்த கைதட்டல்)