மருந்து ஸ்டோரின் சாவி

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிச் செயலாளர் விரிவாகச் சொல்லிவிட்டார். நாங்கள் பேச வந்த விஷயம் எந்த மகஜரிலும் இதுவரை ஏறாதது. தற்கொலையைப் பற்றிப் பேசப் போகிறோம். சங்கக் கூட்டத்தில் இது எதற்கு என்று பின்வரிசையில் இருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

பல வருஷங்களுக்கு முன் இந்தத் தோட்டத்தில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சம்பள நாள் இரவு. குடி, அதைத் தொடர்ந்து புருஷன் பெண்சாதி சண்டை, அடி, அழுகை. விடிவதற்குள் அந்தத் தோழரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். களைக்கொல்லி மருந்து. அவர் பிழைக்கவில்லை. "பிழைத்தால் எல்லாருமாகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தைப்பூசத்துக்குப் போவோம்" என்று அவரே படுக்கையில் சொன்னார். சாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஒரு மணி நேரம் கூட நிற்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? வசூல் செய்தோம், பாடை கட்டினோம், விதி என்றோம். அந்த மருந்து வீட்டுக்குள் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? விடை எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் லாலாங் புல் அழிக்க ஸ்டோரிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தது. மண்டோருக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும். அப்போது கமிட்டியில் இருந்த எங்கள் வீடுகளிலும் அத்தகைய புட்டி இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சாக நினைக்கிறவனை யார் தடுக்க முடியும், இந்த வழி இல்லாவிட்டால் வேறு வழி தேடுவான் என்று சொல்லுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அது தவறு. அந்த வேகம் பெரும்பாலோருக்குச் சில நிமிஷங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடுகிறது. அப்படி முயன்று உயிர் தப்பியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தச் சில நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

இதற்குச் சாட்சி இலங்கை. நம்மைப் போலவே தோட்டத்திலும் வயலிலும் உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள் நிறைந்த நாடு. 1995-இல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அது ஒன்று. வறுமை ஒழியவில்லை, யுத்தமும் 2009 வரை ஓயவில்லை. ஆனால் சர்க்கார் ஒன்று செய்தது. 1984-இல் பாரத்தியான் போன்றவற்றையும், 1995-இல் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த மீதிப் பூச்சிமருந்துகளையும், 1998-இல் எண்டோசல்பானையும், 2008-க்குப் பிறகு பாராகுவாட் உள்ளிட்ட மூன்றையும் படிப்படியாக விலக்கியது. இருபது ஆண்டுகளில் தற்கொலைச் சாவு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 1995 முதல் 2015 வரை ஏறக்குறைய 93,000 உயிர்கள் தப்பின என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்தில்லாமல் விளைச்சல் விழுந்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. விளைச்சல் விழவில்லை.

இன்னொரு சோதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே இலங்கையில் 180 கிராமங்களில், பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட மருந்துப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று. பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் பெட்டி இருந்தால் சாவியும் வீட்டில்தானே இருக்கும்! ஆகவே வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள் என்று நிர்வாகத்தைக் கேட்பதில் பயனில்லை. மருந்தே வீட்டுக்கு வரக்கூடாது என்பதுதான் நம் கோரிக்கை.

நம் நாட்டுக் கதை தெரிந்ததே. 2002-இல் பாராகுவாட்டைத் தடை செய்யப்போவதாக மலேசிய சர்க்கார் அறிவித்தது. அதே ஆண்டு தெனாகனித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண் தொழிலாளரின் நோய்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மூக்கில் இரத்தம், கண் எரிச்சல், நகம் உதிர்தல்; மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்த நம் தாய்மார்களுக்கு அறிக்கை படித்துத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 2006-இல் செம்பனை முதலாளிமாரின் முறையீட்டுக்குப் பின் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. நடுவில் போன வருஷங்களுக்கு யார் கணக்குக் காட்டுவது?

தடை வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று எண்ணலாகாது. இன்றும் ஸ்டோரில் வேறு மருந்துகள் இருக்கின்றன. பழைய புட்டி ஒன்று எந்த வீட்டு மூலையிலாவது கிடக்கக்கூடும்.

அடுத்தது மது. நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு கேட்டார்கள். துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடவும் சொன்னார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். குடிகாரனைத் திட்டுவதைவிடக் கடையைக் கேள்வி கேட்பது மேல் என்று அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். இன்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்ததே: விலை ஏற வேண்டும், கிடைக்கும் இடமும் நேரமும் குறைய வேண்டும், அப்போது அடிதடியும் குறையும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கள்ளச் சரக்கை விட்டுவைத்து நல்ல சரக்கின் விலையை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் தலைநகரிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் பக்கத்தில் உள்ள கெடுதல் கடன்புத்தகம். மாதம் முழுவதும் பற்றில் ஊற்றிக் கொடுத்துச் சம்பள நாளில் பிடித்துக்கொள்வதால், அன்றிரவு வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று. அன்று ஆஸ்பத்திரியில் "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று நாங்கள் பொய் சொன்னோம். தற்கொலை முயற்சி அப்போது குற்றம். போலீஸ் வரும் என்று பயம். அந்த 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி டாக்டரிடம் உண்மையை உடனே சொல்லலாம், சொல்ல வேண்டும். மனம் உடைந்திருப்பவரிடம் "சாகத் தோன்றுகிறதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்றும் பயப்படாதீர்கள், கேட்பதால் அப்படி நேர்வதில்லை, பாரம்தான் குறைகிறது. நம்மிடம் பேச மனமில்லாதவர்கள் 15555 என்ற எண்ணுக்கோ, பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தின் 03-7627 2929 என்ற எண்ணுக்கோ பேசலாம்.

ஆகவே கமிட்டி ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. ஸ்டோருக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கிராணியாரிடம், மற்றது மருந்தடிக்கும் குழுவினரிடம். கொடுத்த அளவும் திரும்பிய அளவும் அன்றன்றே புத்தகத்தில் ஏற வேண்டும். காலி டின் கூட வெளியே போகக்கூடாது. கடன்புத்தகத்தை மூடச் சொல்லிக் கடைக்காரரிடம் மாதர் பகுதி பேசும்; அவர்கள் பேச்சுக்குத்தான் அவர் பயப்படுகிறார். வழிமொழிபவர் மருந்தடிக்கும் தாய்மார்களில் ஒருவராக இருந்தால் பொருத்தமாயிருக்கும்.

நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் கிராணியாரைப் பார்க்கப் போகிறோம். ஸ்டோர் வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்போம். உங்கள் வீட்டில் புட்டி ஏதாவது இருந்தால் கொண்டுவந்து அதில் வைத்துவிடுங்கள். யாருடையது என்று கேட்கமாட்டோம்.