பச்சிலைதானே என்று விட்டுவிடாதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் பேரைச் சொன்னால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. "சீயக்காய்க்காரம்மா" என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குழுவில் 12 பேர் சேர்ந்து சீயக்காய்ப் பொடி அரைத்து விற்கிறோம். தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "எப்படி அரைக்கிறதுன்னு மட்டும் சொல்லாதே, எப்படி ஜாக்கிரதையா தேய்க்கிறதுன்னும் சேர்த்துச் சொல்லு" என்றார்கள். அந்த ஜாக்கிரதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அதை நான் என் மகளின் கண்ணைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பொடி நன்றாகப் போய்க்கொண்டிருந்த சமயம். வழக்கமாக வாங்கும் கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, பேனுக்கு ஒரு பொடி போட்டுக் கொடுங்களேன். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க தலை பூரா பேனுங்கிறாங்க. 100 பாக்கெட் நானே எடுத்துக்கறேன். ஒரு பாக்கெட்டுக்கு 20 ரூபாய் கூடவே தர்றேன்." எனக்கு ஆசை வந்துவிட்டது. நம்ம பக்கம் சீத்தாப்பழ மரத்துக்குப் பஞ்சமா? கரட்டுப் பக்கம் போனால் தானா முளைத்துக் கிடக்கிறது. சீத்தா விதையை அரைத்துத் தேய்த்தால் பேன் சாகும் என்று எங்க பாட்டி காலத்திலிருந்து சொல்லிக் கேட்டதுதானே. விதையைச் சேர்த்து, காய வைத்து, அரைத்து, சீயக்காய்ப் பொடியில் கலந்து ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரக் கூட்டத்தில் காட்டலாம் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்தேன். மாமியார் அந்த டப்பாவை எடுத்து என் மகளுக்குத் தலைக்குத் தேய்த்து ஊற்றிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. பேன் பொடி என்று சொன்னவளே நான்தான். பாப்பாவுக்கு அப்போது 9 வயசு. நான் திரும்பி வரும்போது கண் ரெண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. தண்ணி கொட்டுகிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. "அம்மா, கண்ணுக்குள்ள மண்ணு இருக்கு" என்று அழுகிறாள். சீயக்காய் பட்டால் எரியத்தானே செய்யும், தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மாமியார் தாய்ப்பால் விடலாம் என்றார். பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் விடச் சொன்னார்கள். ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா "என்ன பட்டுச்சு?" என்று கேட்டபோது நான் "சீயக்காய்" என்று மட்டும் சொன்னேன். விதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர் லைட்டு வைத்துப் பார்த்துவிட்டு, "வெறும் சீயக்காய்க்கு இப்படி ஆகாது. பேனுக்கு சீத்தா விதை ஏதாச்சும் போட்டீங்களா?" என்று நேராகவே கேட்டார். இந்த மாதிரி ஆட்கள் அவரிடம் வந்துகொண்டே இருக்கிறார்களாம். கருவிழியின் மேல் இருக்கும் மெல்லிசான தோல் உரிந்து போயிருந்தது. நன்றாகக் கழுவி, மருந்து விட்டு, கண்ணைக் கட்டி அனுப்பினார். ஒரு வாரம் தினமும் போய் வந்தோம். கண் பிழைத்தது. இன்று அவள் நன்றாகப் பார்க்கிறாள், படிக்கிறாள். ஆனால் அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்ட சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நினைத்துப் பாருங்கள். அந்த டப்பா எங்கள் வீட்டில் திறக்கப்படாமல் இருந்திருந்தால், 100 பாக்கெட் 100 வீட்டுக்குப் போயிருக்கும். 100 பிள்ளைகள். நம்ம குழு பேரை அச்சடித்த பாக்கெட்டில்.

அதனால் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பச்சிலை, விதை, காய் என்பதற்காக அது சாது என்று நினைக்காதீர்கள். பேனைக் கொல்லும் அளவுக்குச் சக்தி இருக்கிறது என்றால், அது கண்ணைச் சும்மா விடுமா? வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் அளவும் வேணும், பக்குவமும் வேணும்.

சீயக்காய்க்கு வருவோம். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. தண்ணியில் கரைத்தால் நுரை வருவது அதனால்தான். எண்ணெயையும் அழுக்கையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவதும் அதுதான். துணி சோப்பு காரம் அதிகம். தலைத்தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது. சீயக்காயும் லேசான புளிப்புப் பக்கம்தான். அதனால்தான் தலைக்கு அது ஒத்துப்போகிறது. ஆனால் அதே சபோனின் கண்ணில் பட்டால் எரியும், மூக்கில் ஏறினால் தும்மல் வரும். பூந்திக்கொட்டை இன்னும் கடுமை. நம்ம பக்கத்து அரப்புப் பொடியும் கண்ணில் பட்டால் எரியத்தான் செய்யும்.

எங்கள் அளவு இது: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், காய்ந்த ஆவாரம்பூவும் செம்பருத்தி இலையும் ஒவ்வொரு கைப்பிடி. பச்சைப்பயறு சும்மா வாசனைக்குப் போடுவதில்லை. சீயக்காயின் வறட்சியை அதுதான் குறைக்கிறது. எல்லாவற்றையும் கல், காம்பு, பூச்சி அரித்தது பார்த்துப் பொறுக்கி, கையில் ஒடித்தால் "டக்" என்று ஒடிகிற அளவுக்குக் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த பொடியை வெயிலில் காய வைத்துத் திரும்ப விற்காதீர்கள். குப்பையில் கொட்டுங்கள்.

அரைக்கிற இடத்தில் ரொம்பக் கவனம். ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரு மில்லில் நடந்தது. எங்களுக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். மெஷினைச் சுத்தம் செய்யாமல் எங்கள் சீயக்காயைப் போட்டுவிட்டார்கள். வாங்கிப் போனவர்கள் தலை எரியுது, காது எரியுது என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அத்தனைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து சீயக்காய், அரப்பு மட்டும் அரைக்கும் மெஷினில்தான் கொடுக்கிறோம். அங்கேயும் முதலில் விழும் ரெண்டு கை பொடியை ஒதுக்கிவிடுவோம். அரைக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கு வாயை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வீசிங் இருக்கிறவர்களை அந்த வேலையில் விடாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு வீசிங் உண்டு. அவர் கணக்கு எழுதுவார், பாக்கெட் ஒட்டுவார். கூலி எல்லாருக்கும் ஒன்றுதான்.

பொடியை மெல்லிய வெள்ளைத் துணியில் சலியுங்கள். திப்பி தங்கினால் தலைத்தோலைக் கீறும், கண்ணையும் உரசும்.

இனித் தேய்க்கிற முறை. தோள் வரை முடிக்கு ரெண்டு மேசைக்கரண்டி பொடி போதும். வடிகஞ்சி அல்லது வெதுவெதுப்பான தண்ணியில் கட்டியில்லாமல் தளரக் கரைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பொடியைத் தலையில் நேராகத் தூவாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, முன்நெற்றியிலிருந்து பின்பக்கமாக ஊற்ற வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் குனிய வைத்து ஊற்றுவதுதான் நம்ம வழக்கம். அந்த வழக்கத்தை விடுங்கள். கண்மேல் ஒரு ஈரத் துண்டை மடித்துக் கொடுத்தால் பிள்ளையே பிடித்துக்கொள்ளும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் ஊற விடாதீர்கள். நிறையத் தண்ணி விட்டு அலசுங்கள். தினமும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை போதும். அடிக்கடி போட்டால் முடி வைக்கோல் மாதிரி ஆகிவிடும். தலையில் புண், சிரங்கு, வெடிப்பு இருந்தால் ஆறும் வரை எதையும் தேய்க்காதீர்கள்.

அப்படியும் கண்ணில் பட்டுவிட்டால், கசக்காதீர்கள். சுத்தமான தண்ணியை 15 நிமிஷம் கண்ணில் விட்டுக்கொண்டே இருங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் விடக்கூடாது. கழுவிய பிறகும் வலி, கூச்சம், மங்கல் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். என்ன பட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நான் மறைத்த மாதிரி மறைக்காதீர்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

கரைத்து வைத்த பொடி, அரைத்த செம்பருத்தி இலை, ஊற வைத்த வெந்தயம், இதையெல்லாம் அன்றைக்கு மட்டும்தான். மீந்ததை அடுத்த வாரத்துக்கு வைத்தால் கெட்ட வாடை வரும், கிருமி சேரும். எலுமிச்சம்பழத்தை நேராகத் தலையில் தேய்க்காதீர்கள். அது அவ்வளவு புளிப்பு. அரைப் பழம் பிழிந்தால் ஒரு பெரிய சொம்புத் தண்ணியில் கலந்து கடைசியில் ஊற்றி, உடனே அலசிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போதே வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துவிடும். ஆப்பசோடாவைத் தலைக்குப் போடவே வேண்டாம். அது காரம், முடியைப் பாழாக்கும்.

வெந்தயமோ, மருதாணியோ, புதுப் பொடியோ, எதுவானாலும் முதல் தடவை காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடவிப் பாருங்கள். ரெண்டு நாள் பொறுங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் அது உங்களுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

நரைக்குப் போடும் டை பற்றி ஒரு வார்த்தை. மருதாணி செம்பட்டை நிறம்தான் தரும். அதன்மேல் அவுரி இலைப் பொடி போட்டால் கறுக்கும், ஆனால் நேரம் எடுக்கும். "மூலிகை" என்று போட்டுவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பிபிடி என்ற ரசாயனம் இருக்கலாம். அது சிலருக்கு முகம் கண் எல்லாம் வீங்க வைத்துவிடும். புருவத்துக்கும் மீசைக்கும் சேர்த்துத் தடவுகிற வேலை வீட்டு ஆம்பிளைகளுக்கு உண்டு. புருவத்துக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, பேனுக்கு என்ன செய்வது? சீத்தா விதையும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். மண்ணெண்ணெய் தலைத்தோலைப் புண்ணாக்கும். அடுப்படிப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஈர முடியில் எண்ணெய் தடவி, பேன் சீப்பால் நாலு பக்கமும் வாருங்கள். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை, ரெண்டு வாரத்துக்கு மேல் விடாமல் வார வேண்டும். ஈர் பொரிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும், அதனால்தான். ஒரு பிள்ளைக்கு மட்டும் பார்த்தால் பத்தாது, வீட்டில் எல்லார் தலையையும் பார்க்கணும். அதிலும் போகாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, டாக்டர் சொல்லும் மருந்தைச் சொன்ன மாதிரி போடுங்கள்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அதற்குப் பொடி மருந்தில்லை. ரத்தச் சோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். ரத்தம் டெஸ்ட் எடுங்கள். நமக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. இதைச் சீயக்காய் விற்கிற நானே சொல்கிறேன்.

விற்பனைக்குச் செய்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தலைக்குத் தேய்க்கும் பொடி அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும். 1940-ம் வருஷத்துச் சட்டமும், 2020-ல் வந்த அழகுசாதன விதிகளும் அதற்கு உண்டு. சாப்பாட்டுப் பொருளுக்கு வாங்கும் உணவுப் பாதுகாப்புச் சான்று இதற்குச் செல்லாது. மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். உரிமம் எடுத்துச் செய்தால் தலை நிமிர்ந்து விற்கலாம்.

பாப்பா கண் சரியான பிறகு நடந்த கூட்டத்தில் நான் எல்லாவற்றையும் எழுந்து சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. தீர்மான நோட்டில் இரண்டு வரி எழுதி 12 பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒன்று, உள்ளே என்ன போடுகிறோமோ அது முழுவதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு, பேன் ஒழியும், பொடுகு போகும், முடி வளரும் என்று எதையும் எழுதக் கூடாது. அந்த 100 பாக்கெட் ஆர்டர் போய்விட்டது. கடைக்காரர் கொஞ்ச நாள் எங்கள் சீயக்காயையும் வாங்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு அவரே வந்தார், வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்று.

1989-ல் தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் ஆரம்பித்தது நம்ம தர்மபுரியில்தான். குழுப் பொருள் என்றால் நம்பி வாங்கலாம் என்ற பேரை நமக்கு முன்னால் இருந்தவர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சேமிப்புப் பணத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறோமோ அப்படி அந்தப் பேரையும் பார்த்துக்கொள்ளணும்.

இப்போது எங்கள் தெருவில் யாராவது சீத்தா விதையைக் காய வைத்தால், முதலில் போய்ச் சத்தம் போடுவது என் மாமியார்தான். நீங்களும் உங்கள் தெருவில் சத்தம் போடுங்கள்.